கயிற்றில் நாலு முடிச்சு

2019 மே மாசம், ஒரு காலையில் எங்கள் மோட்டார் கரகரவென்று காற்று வாங்கியது. சென்னையின் கடலோரத் திருவான்மியூரில் அப்பா காலத்தில் உறை இறக்கிய 24 அடிக் கிணறு அது. முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதில் ஊருக்கே தண்ணீர் தரும் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் தரை தெரியக் கிடந்தன. தெருவில் எல்லாரும் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம்.

"150 அடி போர் போட்டுடலாம் சார்" என்றார் பிளம்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே அது ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே இருப்பதை உறிஞ்ச உறிஞ்ச அடியிலிருந்து உப்பு ஏறும். ஏறிவிட்டால் லேசில் இறங்காது.

கொடிக்கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கொரு முடிச்சு போட்டு இறக்கினேன். விடிகாலையில் நாலு முடிச்சு நனைந்தது. 20 நிமிஷம் மோட்டார் ஓடியதும் ஒன்றரைதான். பழையபடி நாலாக மூன்று மணி நேரம் ஆனது. ஒரே மூச்சில் டேங்கை நிரப்புவதுதான் தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து வேளைக்கு 7 நிமிஷம், மூன்று வேளை. அம்மா கடிகாரத்தைப் பார்த்தபடி ஸ்விட்ச் பக்கத்திலேயே நிற்பார். அந்தக் கோடை முழுக்க மோட்டார் மறுபடி காற்று வாங்கவில்லை.

ஜூலையில் தூர் வாரினோம். ஆள் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். அது அணையாவிட்டாலும் விஷவாயு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இடுப்புக் கயிறும் மேலே ரெண்டு பேரும் கட்டாயம். ஒன்றரை அடி சேறு வந்தது.

2003இல் சட்டம் வந்தபோது கட்டிய மழைநீர்த் தொட்டியைத் திறந்தால் மணல் கல்லாய் இறுகியிருந்தது. பதினாறு வருஷம் யாருமே தொடவில்லை! கூழாங்கல்லைக் கழுவி, புது மணல் போட்டோம். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கே ஏறக்குறைய 900 லிட்டர் தேறும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டு, மற்றதைக் கிணற்றுக்குத் திருப்பினோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஜூனில் 1,100 காட்டியது; டிசம்பரில் 600 காட்டியது.

இப்போது எதிரே அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். ராத்திரி பகலாகத் தண்ணீரை இறைத்துச் சாக்கடையில் விடுகிறார்கள். கயிற்றில் ரெண்டு முடிச்சு இறங்கிவிட்டது. அந்தத் தண்ணீரை எங்கள் தெரு மழைநீர்க் குழியில் விடச் சொல்லி நாளைக்குப் போய்க் கேட்கப்போகிறேன்.