பழைய சைக்கிளில் ஒரு களைவெட்டி: பட்டறை நாட்குறிப்பு

ஜூலை 12

மானாவாரிக் கடலை விதைத்தாயிற்று. கொத்து ரகம், வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. முதல் களை 20–25 நாளில் எடுக்க வேண்டும். 40–45 நாளில் இரண்டாம் களையோடு மண் அணைப்பு. அதற்குப் பிறகு விழுது (மண்ணுக்குள் போய்க் காயாகும் ஊசி) இறங்கும், மண்ணைத் தொடவே கூடாது. ஆக, ஆகஸ்ட் பிறப்பதற்குள், முன்னால் ஒரு சைக்கிள் சக்கரமும் பின்னால் ஒரு கத்தியும் வைத்த தள்ளு களைவெட்டி தயாராக வேண்டும்.

ஜூலை 14

காயலான் கடையில் எல்லோரும் 28 இஞ்ச் சக்கரத்தைத்தான் எடுக்கிறார்கள். பிள்ளைகள் ஓட்டும் 20 இஞ்ச் சக்கரமே இந்த வேலைக்கு நல்லது. பெரிய சக்கரத்தில் அச்சு 35 செ.மீ. உயரத்தில் நிற்கும், கத்தியும் அவ்வளவுக்குப் பின்னால் தள்ளிப் போய்விடும். கத்தி சக்கரத்தை விட்டு விலக விலக, கை லேசாக அசைந்தாலும் பின்புறம் வீசிச் செடியை வெட்டும். 20 இஞ்சில் அச்சிலிருந்து 32 செ.மீ. பின்னால் கத்தியை வைத்துவிடலாம்.

வாங்கும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கோன் (அச்சில் பேரிங் குண்டுகள் உருளும் கூம்பு) தேய்ந்திருக்கிறது. கோனும் குண்டும் மாற்றினால் போதும். ரிம் நெளிந்திருந்தால் அங்கேயே வைத்துவிடலாம். டயர் கட்டாயம் வேண்டும், வெறும் ரிம் செம்மண்ணில் புதையும். டியூபுக்குப் பதிலாக, ஓரக் கம்பியை அறுத்தெடுத்த இன்னொரு பழைய டயரை உள்ளே திணித்தால் முள்ளுக்குப் பயமில்லை.

ஜூலை 17

கத்திக்கு மினி வேன் பட்டை (வண்டிக்கு அடியில் வரும் வில் பட்டை), 6 மி.மீ. கனம். லாரி பட்டை இதற்கு வேண்டாம். கனம் கூடுதல், மண்ணுக்குள் நுழையாது, தள்ளுகிறவர் தோள்தான் வலிக்கும்.

நீளம் 18 செ.மீ., அகலம் 4 செ.மீ. 30 செ.மீ. இடைவெளியில் இருபக்கமும் 6 செ.மீ. மிஞ்சும். இன்னும் அகலமாக வெட்டினால் வேகமாக முடியும் என்று தோன்றும், வேர்தான் அறுபடும்.

பட்டை ஏற்கெனவே பதம் ஏறி வந்த எஃகு. அதை உலையில் போட்டுப் பழுக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். திரும்பவும் எண்ணெயில் தோய்த்து, இளக்கி எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பேசாமல் கட்டிங் வீலில் அறுங்கள். கொஞ்சம் அறுத்ததும் தண்ணீர் ஊற்றுங்கள், மறுபடி அறுங்கள். விளிம்பு நீலம் பாரித்தால் சூடு அதிகமாக ஏறுகிறது என்று பொருள்.

துளைதான் தொல்லை. பதம் ஏறிய பட்டையில் சாதாரண டிரில் பிட் வழுக்கிக்கொண்டே நிற்கும். நடுவில் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு, இரண்டு முனையையும் கேஸில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். மறுநாள் 8 மி.மீ. துளை சுலபமாக விழும். முனை இளகினாலும் பாதகமில்லை, வெட்டுகிற வேலை நடுப்பகுதிக்குத்தான்.

ஜூலை 20

சட்டம்: 25×6 மி.மீ. பட்டை இரும்பு இரண்டு, அச்சின் இருபுறமும். துளை அச்சைவிட அரை மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ஜி.ஐ. பைப் சும்மா கிடைத்தாலும் வெல்டிங்குக்கு எடுக்காதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், பற்றும் நுரைத்துப்போகும்.

கத்தியைச் சட்டத்தோடு வெல்டு வைக்கவே கூடாது. பற்றுக்குப் பக்கத்தில் எஃகு திடீரென்று ஆறி, கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முதல் கல்லிலேயே அங்கே விரியும். போல்ட்டுதான் சரி: தலை கத்திக்குள் மட்டமாக உட்காரும் கவுண்டர்சங்க் போல்ட், நட்டும் ஸ்பிரிங் வாசரும் மேலே. தலை கீழே துருத்தினால் கத்தி மண்ணுக்குள் போகாது.

கத்தியைப் பிடிக்கும் கால்களில் 2 செ.மீ.க்கு ஒரு துளை. ஆழம் கூட்டவும் குறைக்கவும் அது போதும்.

ஜூலை 24

ஹேண்டில் பார் தள்ளுகிறவரின் இடுப்புக்கு வர வேண்டும். கையிலிருந்து தள்ளும் திசையிலேயே கீழே சாய்வாக ஒரு கோடு போட்டால் அது அச்சுக்கும் கத்திக்கும் நடுவே தரையைத் தொடட்டும். ஹேண்டில் தூக்கலாக இருந்தால் பாரம் முழுக்கச் சக்கரத்தில் இறங்கி, கத்தி மேலெழும்பும்.

கத்தி முன்பக்கம் சுமார் 15 டிகிரி சரிந்து நிற்கட்டும். கூர் வைக்கும் சரிவு மேல்பக்கம். அடிப்பக்கம் தேய்த்துவிட்டால், காய்ந்த மண்ணில் கத்தி வழுக்கி மேலே ஓடும், எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. கூர் ஏற்ற அரம் போதும். சவர பிளேடு மாதிரி மெலிதாக்கினால் கல்லில் வாய் உடையும்.

ஆகஸ்ட் 3

22ஆம் நாள். நேற்று முன்தினம் மழை. மண்ணைக் கையில் பிடித்து விட்டால் உதிர்கிறது; இதுதான் நேரம். ஈரம் கூடுதலாக இருந்தால் கத்தியில் அப்பும், களையும் வேர்விட்டுத் திரும்பப் பிழைக்கும்.

ஒரே தம்மில் தள்ளிக்கொண்டு போகக்கூடாது. ஒரு முழம் முன்னால், அரை முழம் பின்னால், மறுபடி முன்னால். கத்தி 2–3 செ.மீ. ஆழத்தில் ஓடுகிறது. பூண்டு, கீரை வகைக் களைகள் வேரோடு வருகின்றன. கோரை மட்டும் கழுத்தில் அறுபட்டுக் கிழங்கு உள்ளேயே நிற்கிறது. அதற்குக் கைக்களைக்கொத்தி தவிர வேறு வழியில்லை. செடிக்குச் செடி இடைவெளியும் கைவேலைதான்.

வேலை முடிந்ததும் எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். புது இணைப்பு முதல் நாளில் தளரும். மண்ணைச் சுரண்டி, கழிவு எண்ணெய் தடவி, கத்தி தரையில் படாமல் மாட்டி வைக்கவும். அடுத்த வேலை ஆகஸ்ட் 22 வாக்கில், மண் அணைக்க. அதற்குள் மிச்சப் பட்டையில் வி வடிவக் கத்தி ஒன்று அறுக்க வேண்டும்.