அஜிலிட்டி போட்டிக்கு ஒரு செயலி: திட்டமிட்ட அனுபவம்

கயிறு இல்லாமல், கூட ஓடுபவரின் குரலையும் கையசைவையும் மட்டும் நம்பி ஒரு நாய் தடைகளைத் தாண்டி, சுரங்கத்தில் புகுந்து, வரிசையாக நட்ட 12 கம்பங்களுக்கு இடையே வளைந்து ஓடுவதுதான் அஜிலிட்டி. 1978இல் லண்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளைக் காட்சியாகத் தொடங்கிய இது, இன்று பல நாடுகளில் முறையான போட்டி. கோலாலம்பூரின் செந்தூலில் இருந்து என் நாயோடு பயிற்சிக்குப் போய்வரும் எனக்குத் தொழில் மென்பொருள். போட்டியாளர்களுக்கும் மன்றங்களுக்கும் பயன்படும்படி ஒரு செயலி செய்ய வேண்டும் என்ற ஆசை இயல்பாகவே வந்தது.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு விருப்பம்: பயிற்சிக் குறிப்பேடு, புகைப்படம், தரவரிசை. எங்கள் மன்றத்தின் செயலாளர் அக்கா மட்டும் வேறு மாதிரி பேசினார். "தம்பி, போட்டி அன்று என் மேசைக்குப் பின்னால் வந்து உட்கார். அப்புறம் செயலியைப் பற்றிப் பேசலாம்."

உட்கார்ந்தேன். திட்டத்தின் பெரும்பகுதி அங்கேயே உருவானது.

விண்ணப்பங்கள் பாதி கூகுள் படிவத்தில், மீதி வாட்ஸ்அப்பில். டுயிட்நவ் என்ற மின் பணப்பரிமாற்ற வசதி வழியாகப் பணம் கட்டியவர்கள் அனுப்பிய ரசீதுப் படங்களை எந்த நாய்க்கு உரியவை என்று அக்கா ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓட்ட வரிசையோ இதைவிடச் சிக்கல். இரண்டு நாய்களோடு வந்தவருக்கு நடுவில் மூச்சுவிட நேரம் வேண்டும். பருவத்துக்கு வந்த பெண் நாய் எல்லாரும் ஓடி முடித்த பிறகே களத்தில் இறங்கலாம். காலையில் ஒருவர் விலகினால் மொத்த வரிசையும் ஆட்டம் காணும். விண்ணப்பம், பணம், ஓட்ட வரிசை என்ற இந்த மூன்று வேலைகளையும் தூக்கிக்கொள்ளும் செயலிதான் முதலில் வேண்டும் என்று முடிவு செய்தேன். புகைப்படம் காத்திருக்கலாம்.

அடுத்து மதிப்பெண் எழுதுபவரைக் கவனித்தேன். நடுவர் விரித்த கையை உயர்த்தினால் பிழை, மூடிய கை என்றால் நாய் தடையை மறுத்துவிட்டது. எழுதுபவரின் கண் நடுவரின் கையை விட்டு அகலவே இல்லை. தாளைப் பார்க்காமலே பேனா குறித்துக்கொண்டது. கண்ணாடித் திரையில் இது நடக்காது. எங்கே தொடுகிறோம் என்று விரலுக்குத் தெரியாது, வியர்வையும் மழைத்துளியும் வேறு. ஆகவே ஓட்டத்தின்போது தாளும் பேனாவும் அப்படியே இருக்கட்டும், ஓட்டம் முடிந்ததும் மேசையில் இருப்பவர் செயலியில் ஏற்றட்டும் என்று வைத்துக்கொண்டேன். மென்பொருள்காரனாக இப்படிச் சொல்வது சுலபமில்லை, ஆனாலும் இந்த முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கணக்கில் சர்வதேச நாய் சம்மேளனமான எஃப்சிஐயின் விதிகளைப் பின்பற்றினேன். பாதை 180 மீட்டர், நடுவர் வைத்த வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால் நிர்ணய நேரம் 45 நொடி. 47.32 நொடியில் வந்த நாய்க்கு 2.32 நேரப் பிழை. தாண்டும் தடையின் கம்பி ஒன்றையும் தட்டியிருந்தால் அதோடு 5 சேர்ந்து 7.32. இரண்டு நாய்களின் மொத்தம் சமமாக வரும்போதுதான் நுட்பம் இருக்கிறது. ஒரு நாய் கம்பியைத் தட்டி 40 நொடியில் வருகிறது, இன்னொன்று எதையும் தட்டாமல் சரியாக 50 நொடியில் வருகிறது. இரண்டுக்கும் மொத்தம் 5. ஆனால் களப் பிழை, அதாவது நேரம் சேராத பிழை, குறைந்த இரண்டாவது நாய்தான் முன்னே நிற்கும். அதிலும் சமம் என்றால்தான் நேரத்தைப் பார்க்க வேண்டும். மொத்தத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் கோப்பை தவறான கைக்குப் போய்விடும். நிதானமாக ஓடிய அந்த நாய்க்கு அநியாயம் நடக்கக் கூடாது.

உயரப் பிரிவுக்கும் ஒரு முன்யோசனை தேவைப்பட்டது. முன்பு சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே பிரிவுகள். பிறகு நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் இடையில் இன்னொன்று வந்தது. இப்போது எல்லைகள் 35, 43, 48 சென்டிமீட்டர். எனவே பிரிவின் பெயரைச் சேமிக்காமல், தோள்பட்டை உயரத்தைச் சென்டிமீட்டரில் சேமிக்கிறேன். விதி மாறினால் எல்லையை மட்டும் மாற்றினால் போதும்.

நகரத்துக்கு வெளியே இருக்கும் மைதானங்களில் இணையம் வந்து வந்து போகும். அதனால் எல்லாத் தரவும் முதலில் கைப்பேசியிலேயே பதிவாகும், இணைப்பு கிடைத்ததும் மேலே போகும். பழைய படிவங்களில் கேட்கப்பட்ட அடையாள அட்டை எண்ணை அடியோடு நீக்கினேன். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் வாங்காதே என்கிறது. நாயை அடையாளம் காண 15 இலக்க மைக்ரோசிப் எண்ணே போதும். மைதானத்தின் முகவரியும் விண்ணப்பம் உறுதியானவர்களுக்கு மட்டுமே தெரியும். அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் நாய் ஒத்துவராது. அவர்களை மதிக்கும் இடத்தில்தான் நாமும் நிம்மதியாக விளையாட முடியும்.

ஆப்பிள் ஆண்டுக்கு 99 டாலர் கேட்கிறது, கூகுள் ஒரே முறை 25. ஆகவே ஆண்ட்ராய்டில் தொடங்குகிறோம். புதிய தனிநபர் கணக்கு என்பதால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்தாக வேண்டும் என்பது கூகுளின் நிபந்தனை. மன்றத்திலேயே ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். அடுத்த போட்டியில் அக்காவின் எக்செல் தாளும் செயலியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுதுபவரின் தாளில் உள்ளதே இறுதி என்று பேசி வைத்திருக்கிறோம்.