ஒட்டாவாவில் நான்கு குட்டைச் செடிகள்

மே 22

மே மாதத்தில் வரும் விக்டோரியா தின விடுமுறை கழிந்தால்தான் இந்த ஊரில் எதையும் வெளியே நடலாம். தக்காளிக்கும் அதே விதி, கஞ்சாவுக்கும் அதே விதி. ஜன்னலோரம் வளர்ந்த கன்றுகளைப் பகலில் வெளியிலும் இரவில் உள்ளேயும் வைத்துப் பழக்கி, இன்று துணித் தொட்டிகளுக்கு மாற்றினேன். கனடாவில் கஞ்சா சட்டப்படியான 2018 அக்டோபர் 17 முதல் இங்கே வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வைக்கலாம். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் நான்குதான். ஆற்றுக்கு அக்கரையில் கட்டினோவில் இருக்கும் நண்பனுக்கு அதுவும் இல்லை. அது கியூபெக் மாகாணம். அங்குள்ள தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் அபராதம்.

ஜூன் 21

ஆண்டிலேயே நீண்ட பகல், சுமார் 15 மணி 40 நிமிடம். செடிகள் முழங்கால் உயரம்தான், ஆனால் நல்ல அகலம். கணுக்கள் நெருங்கி நெருங்கி இருக்கின்றன. இலை விரல்கள் தடித்து, கரும்பச்சையாக. இண்டிகா என்ற குட்டை வகை மேலோங்கிய கஞ்சா ரகம் என்றால் இப்படித்தான் இருக்கும். மூலம் ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைப்பக்கம். கஞ்சாவின் இன்னொரு வகையான சட்டிவா ஆளுயரத்தைத் தாண்டிப் போகும். என் வேலியோ அவ்வளவு உயரமில்லை.

கதவுக்குப் பூட்டு வாங்கியாயிற்று. அக்காவின் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் இது.

ஜூலை 14

தண்ணீர், வெயில், தண்ணீர். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 6

கணுக்களில் வெள்ளை நூல் போலப் பெண் பூவின் சூல்முடி தெரிகிறது. நான்கும் பெண். பெண் விதை என்று கேட்டு வாங்கியதன் பலன் இது. ஆண் வந்தால், பெண் பூ விதை பிடிக்காமலிருக்க, பிடுங்கத்தான் வேண்டும். நான்கே செடி என்கிறபோது ஒன்று போனாலும் கால்வாசி போச்சு.

இந்தச் செடிக்குக் கடிகாரம் இருட்டுதான். இரவு நீண்டால்தான் பூக்கும். இன்றிலிருந்து எட்டு வாரம் என்று வைத்தாலும் அக்டோபர் தொடக்கம் வந்துவிடும். உறைபனியும் ஏறக்குறைய அப்போதுதான் எட்டிப்பார்க்கும். சட்டிவாவாக இருந்தால் இன்னும் பல வாரம் கேட்கும். இங்கே அந்த ஆசையே வேண்டாம்.

ஆகஸ்ட் 30

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "ராத்திரி ஸ்கங்க் வந்ததா?" என்று கேட்டார். நாற்றத்தைப் பீய்ச்சும் விலங்கு அது. வரவில்லை ஐயா, என் செடிதான் என்றேன். சிரித்தார். அவர் பந்தலில் படர்ந்திருக்கும் ஹாப்ஸ் கொடியும் இதன் சொந்தம்தான், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பியருக்குக் கசப்பு தருவது அது. அந்த வாசனையை மட்டும் யாரும் குறை சொல்வதில்லை.

செப்டம்பர் 13

விடியற்காலையில் பனி சொட்டுகிறது. பூங்கொத்துகள் முஷ்டி போல இறுகிவிட்டன. படத்தில் பார்க்க அழகு. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. குளிர் ஊருக்கு ஏற்ற ரகம் என்று விதை விற்பவர்கள் எழுதுவது பாதி உண்மைதான். இதன் தாய்நிலத்தில் இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் காற்று உலர்ந்திருக்கும். இங்கே செப்டம்பர் குளிரோடு ஈரமும் சேர்ந்து வரும். இறுகிய பூவுக்குள் புகுந்த ஈரம் வெளியே வராது. குளிர் தாங்கும் செடிதான், ஈரம் தாங்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நடுவில் இருந்த பெரிய இலைகளைக் கிள்ளி, காற்றுக்கு வழி விட்டேன். தொட்டி என்பதால் மழைக்கு முன்னால் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடலாம். மண்ணில் நட்டிருந்தால் அதுவும் முடியாது.

செப்டம்பர் 20

வந்தேவிட்டது. இரண்டாவது செடியின் உச்சிப் பூவில் ஒரே ஒரு குட்டி இலை மட்டும் வாடியிருந்தது. இழுத்தேன், கையோடு வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு, அதன்மேல் சாம்பல் தூசி. சாம்பல் பூஞ்சை, போட்ரைட்டிஸ். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழிக்கும் அதே ஆள். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது, நடுத்தண்டிலிருந்து அழுகிக்கொண்டு வரும். தெரிந்த இடத்துக்குக் கீழேயும் நன்றாகத் தள்ளி வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரிக்கோலை ஆல்கஹாலில் துடைத்தேன். நல்ல பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று மனைவி கேட்டாள். பூஞ்சை பிடித்ததை நுரையீரலுக்குள் அனுப்பும் அளவுக்கு எனக்குச் சிக்கனம் இல்லை.

செப்டம்பர் 27

இரவு ஐந்து பாகைக்கு இறங்கியதில் இலை ஓரமெல்லாம் ஊதா. அந்தோசயனின் நிறமி, இந்த ரகத்தின் பரம்பரையில் அது இருக்கிறது, குளிர் அதை வெளியே கொண்டுவருகிறது. ஊதா என்றால் போதை வீரியம் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. நிறத்துக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை.

கண்ணாடி வில்லையில் பார்த்தால் பூவின் மேலுள்ள பிசின் முடிகளின் தலை பாதிக்கு மேல் பால் நிறம். இன்னும் ஒரு வாரம் விட்டால் முற்றும்தான், ஆனால் நான்கு நாள் மழை சொல்கிறார்கள். முற்றாத பூ அழுகிய பூவைவிட மேல். நான்கையும் இன்றே வெட்டிவிட்டேன்.

அக்டோபர் 9

நிலவறையில் இருட்டில் தொங்குகின்றன, மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுற்றுகிறது. சிறு காம்பு வளையாமல் படக்கென்று ஒடிகிறது, அப்படியென்றால் ஜாடிக்குப் போகலாம். அடுத்த ஆண்டு இரண்டு தொட்டியில் தானாகப் பூக்கும் ரகம் வைக்கப்போகிறேன். ருடெராலிஸ் என்ற வேறொரு கஞ்சா வகை கலந்தது, பகல் நீளம் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பூக்கும், ஆகஸ்டிலேயே வேலை முடியும். விளைச்சல் குறையும், பரவாயில்லை. மற்ற இரண்டும் இதே ரகம்தான், ஆனால் அப்போது தாழ்வாரத்துக்குப் பக்கத்திலேயே.