ஏழாவது டிஸ்க் ஏறிவிட்டது, ஆனால் 16 டிபியில் முட்டிக்கொண்டு நின்றது

நேற்று ராத்திரி, சர்வரில் இடம் எவ்வளவு என்று காட்டும் 'டிஎஃப்' கமாண்டை அடித்தபோது 18 டிபி காட்டியது. தம்பி ஸ்டூடியோவின் கல்யாண வீடியோ எல்லாம் இந்த சர்வரில்தான் கிடக்கிறது. முகூர்த்த மாதம் ஆரம்பிக்கிறதுக்குள் முடித்ததில் அவ்வளவு நிம்மதி.

இதுவரை ஆறு 4 டிபி டிஸ்க், ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்; அதற்காக இரண்டு டிஸ்க் அளவு இடம் போய்விடும்). உபுண்டு 14.04 காலத்தில் நாலு டிஸ்க்கில் தொடங்கியது. ஏழாவதை ஆட் பண்ணி, அரேயை (டிஸ்க் தொகுப்பை) பெரிதாக்கும் குரோ கொடுத்ததும், டேட்டாவை எல்லா டிஸ்க்கிலும் மறுபடி பரப்பும் ரீஷேப் வேலைக்கு, நிலவரம் காட்டும் எம்டிஸ்டாட் 44 மணி நேரம் என்றது. அந்த வேலைக்கு ராமில் ஒதுக்கும் இடமான ஸ்ட்ரைப் கேஷை 256-லிருந்து 8192 ஆக்கினேன். வேகம் நொடிக்கு 25 எம்பியிலிருந்து 45-க்கு ஏறியது. ஏழு டிஸ்க்குக்கு 224 எம்பி ராம் பிடிக்கும், கொடுக்கலாம். நடுவில் கரண்ட் போனது. யுபிஎஸ் இறங்குவதற்குள் முறைப்படி ஷட்டவுன் செய்தேன். திரும்ப ஆன் செய்ததும் 61 சதவீதத்தில் விட்ட இடத்திலிருந்தே ரீஷேப் ஓடியது.

டிஸ்க் வாங்குபவர்களுக்கு ஒன்று: சிஎம்ஆர் (டிராக்குகளை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் வகை) தானா என்று மாடல் நம்பரை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்றார்கள். ஒன்றில்லை. எஸ்எம்ஆரில் டிராக் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ரீஷேப் மாதிரி விடாமல் எழுதும் வேலையில் படுத்துவிடும்.

சிக்கல் கடைசிப் படியில் வந்தது. கூடிய இடத்துக்கு ஏற்ப ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கும் ரீசைஸ்2எஃப்எஸ் கொடுத்த உடனே, புது அளவு 32 பிட்டில் அடங்காது என்று நின்றுவிட்டது. ஒவ்வொரு 4 கேபி பிளாக்குக்கும் ஒரு 32 பிட் எண் என்றால் உச்சம் 16 டிபி. 1024 கணக்கில் ஆறு டிஸ்க்கில் 14.55 தான் என்பதால் இத்தனை வருஷம் தெரியவில்லை; ஏழில் 18.19. இந்தக் கமாண்டுகள் அடங்கிய இ2எஃப்எஸ்புரோக்ஸ் தொகுப்பின் பழைய பதிப்பு, 16 டிபிக்குக் குறைவான ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்கு 64 பிட் வைக்காது. 2016-இல் வந்த 1.43-லிருந்துதான் அது தானாக வருகிறது.

தேடினால் பாதிப் பேர் 'ஃபார்மேட் பண்ணு' என்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதே 1.43-இல் ரீசைஸ்2எஃப்எஸ்ஸுக்கு மைனஸ் பி (-b) என்ற ஆப்ஷன் வந்துவிட்டது. இருக்கிற ஃபைல் சிஸ்டத்தையே 64 பிட்டாக மாற்றும். அன்மவுன்ட் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் சம்பா பிடித்துக்கொண்டு விடவில்லை, அதை நிறுத்தினேன். திரும்பக் கிடைக்காத ஒரிஜினல் 5 டிபியை வெளி டிஸ்க்கில் எடுத்து தம்பி வீட்டில் வைத்த பிறகுதான் கை வைத்தேன். டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காத டெர்மினல்) முதலில் ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் இ2எஃப்எஸ்சிகே மைனஸ் எஃப், 1 மணி 50 நிமிடம். பிறகு ரீசைஸ்2எஃப்எஸ் மைனஸ் பி (-b). கூடவே இன்னொரு மைனஸ் பியும் (-p) சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு முடிந்தது என்று காட்டும். இங்கே குழப்பம் வேண்டாம், முன்னேற்றம் காட்டும் பி வேறு, 64 பிட்டுக்கான பி வேறு. ஸ்க்ரீனில் ஒரு வரியும் வராமல் இருந்த நேரம் முழுக்க கேபினட்டில் காதை வைத்து, ஹெட் ஓடும் கறகற சத்தம் நிற்கிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும், ஃபைல் சிஸ்டத்தின் விவரம் காட்டும் டியூன்2எஃப்எஸ்ஸில் 64 பிட் என்ற சொல் வந்தது. மறுபடி ரீசைஸ், இந்த முறை நேராக ஓடியது.

அடுத்து 8 டிபி டிஸ்க்குக்கு ஒவ்வொன்றாக மாற்றலாமா, இல்லை இசட்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டத்துக்கே போகலாமா என்று யோசனை. 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3-இல், அதன் ரெய்டு வகையான ரெய்டு-இசட்டிலும் டிஸ்க் சேர்க்கலாம். கையில் மிச்சம் கிடக்கும் மூன்று பழைய 1 டிபியில் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது அரேயில், டிஸ்க்குகளில் உள்ளது ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் செக் ஓடுகிறது. 37 சதவீதம், மிஸ்மேட்ச் இதுவரை பூஜ்யம்.