மைனஸ் பத்து அடிமானத்தில் 1729

1729ஐ மைனஸ் பத்து அடிமானத்தில் (இட மதிப்பு பத்துக்குப் பதில் −10ஆல் பெருகிக்கொண்டே போகும் எண்முறையில்) எழுதினால் 19889. வலமிருந்து இடமாக இட மதிப்புகள் 1, −10, 100, −1000, 10000 என்று குறி மாறி மாறிப் போகும். அதாவது 10000 − 9000 + 800 − 80 + 9. (ராமானுஜன் எண்ணைத் திட்டமிட்டு எடுக்கவில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறீர்கள்?)

மாற்றுவது சுலபம். −10ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். மீதி மட்டும் 0 முதல் 9க்குள் இருக்க வேண்டும். 1729க்கு மீதி 9, ஈவு −172. அடுத்து −172க்கு மீதி 8, ஈவு 18. பிறகு 18க்கு மீதி 8, ஈவு −1. அந்த −1க்கு மீதி 9, ஈவு 1. கடைசியில் அந்த 1. மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் விடை. பைத்தான் மொழியில் நிரல் எழுதுபவர்கள் கவனிக்க: அங்கே மீதி மைனஸாக வரும். வந்தால் மீதியோடு 10, ஈவோடு 1 கூட்டிவிடுங்கள்.

இதில் மைனஸ் குறிக்கே வேலையில்லை. −1729 என்பது வெறும் 2331. இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் எண் நேர்மம் (அல்லது பூஜ்யம்), இரட்டைப்படை என்றால் எதிர்மம். ஆனால் எது பெரியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 190 என்பது பத்து, 180 என்பது இருபது!

கூட்டல்தான் எனக்குப் பிடித்த இடம். 18 + 27 போட்டுப் பார்த்தேன். இங்கே அவை 198, 187. எட்டும் ஏழும் பதினைந்து. 5 போட்டு, கையில் ஒன்று என்று அடுத்த இடத்தில் கூட்டாமல், ஒன்றைக் கழிக்க வேண்டும். 9 + 8 − 1 = 16; 6 போட்டு மறுபடி ஒன்றைக் கழி. 1 + 1 − 1 = 1. விடை 165, அதாவது 100 − 60 + 5 = 45. கழிக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தால் அங்கே 9 போட்டு, அதற்கடுத்த இடத்தில் ஒன்று கூட்ட வேண்டும். கை பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

வழக்கமான பத்து அடிமானத்தில் இலக்கங்களைக் கூட்டினால் 9ஆல் வகுக்கும்போது வரும் மீதி தெரிந்துவிடும்; அங்கே 9 செய்யும் வேலையை இங்கே 11 செய்கிறது. −10ஐ 11ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே எல்லா இட மதிப்புக்கும் மீதி 1தான். இலக்கங்களைக் கூட்டினாலே போதும். 1+9+8+8+9 = 35, அதில் 33 போக 2. 1729ம் 11 × 157 + 2தான். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்கும் பள்ளிக்கூட விதி இங்கே நேரான கூட்டலாகிவிடுகிறது. மைனஸ் எண்ணுக்கும் இது பொருந்தும்: 2331ன் கூட்டுத்தொகை 9, −1729க்கும் மீதி 9.

எதிர்ம அடிமானங்களைப் பற்றி 1885லேயே இத்தாலியில் விட்டோரியோ குரூன்வால்ட் எழுதிவிட்டார். 1950களின் இறுதியில் போலந்தில் மைனஸ் இரண்டு அடிமானத்தில் ஓடும் பினெக் என்ற கணினியையே கட்டியிருக்கிறார்கள்.

இப்போது பின்னங்களுக்கு வந்திருக்கிறேன். பதினொன்றில் ஒரு பங்கை இங்கே 0.090909... என்றும் எழுதலாம், 1.909090... என்றும் எழுதலாம். இரண்டாவது 1 − 9/10 − 9/1000 − ... என்று போகிறது, கழிபடுவதெல்லாம் சேர்ந்து 10/11, மிஞ்சுவது 1/11. நமக்குத் தெரிந்த 0.999... = 1 என்பதன் தம்பி இது.