இகலூயிட்ல எல்லாத்தையும் பங்கு போடறாங்க, வீடுதான் இல்ல

கனடா தலைநகர் ஒட்டாவாவுல இருந்து ஃபிளைட்ல மூணு மணி நேரம், கீழ பாத்தா வெறும் வெள்ளை. கனடாவோட வடகோடியில இருக்கற நுனாவுட், பரப்புல இந்தியாவுல மூணுல ரெண்டு பங்கு இருக்கும், ஆனா மொத்த ஜனமே 40,000 பேர் கிட்டத்தான். 25 ஊரு, ஒண்ணுக்கொண்ணு ரோடே கிடையாது. நுனாவுட்டோட தலைநகரம்தான் இகலூயிட். நான் போனது ஏப்ரல்ல, அப்பவும் கடல் கெட்டியா உறைஞ்சு கிடந்துச்சு, அது மேலயே ஸ்னோமொபைல் ஓட்டிட்டுப் போறாங்க.

மளிகைக் கடைக்குள்ள போனா நிறைய சாமான் ஒட்டாவா விலையைவிட ரெண்டு மூணு மடங்கு. கப்பல் வர்றது கோடையில சில மாசம்தான், மத்த நாள்ல பால், பழம், காய் எல்லாம் ஃபிளைட்லதான் வரணும். மானியம் இருந்தும் இந்த விலை! சம்பளம் வாங்கறவங்களுக்கே கஷ்டம், வேலை இல்லாத வீட்ல என்ன பண்ணுவாங்க.

அதைவிடப் பெரிய பிரச்சனை வீடு. நான் பேசிட்டிருந்த ஒரு இனுயிட் (இந்த மண்ணோட பூர்வகுடி) பாட்டி வீட்ல மூணு தலைமுறை ஒண்ணா இருக்காங்க, ஹால்ல முறை வச்சுத் தூங்கறாங்க. நெருக்கடியான வீட்ல காசநோய் சுலபமா பரவுது, சண்டை வந்தா ஒதுங்கிப் போக இன்னொரு ரூம் கிடையாது, வெளிய மைனஸ் 30. 2015ல நுனாவுட் அரசாங்கத்தோட தலைவரான பிரீமியரே தற்கொலையை ஒரு நெருக்கடின்னு அறிவிக்கற நிலைமை வந்துச்சு.

இதெல்லாம் தானா வந்ததில்ல. வேட்டையாடி இடம் மாறி வாழ்ந்த ஜனங்களை அரசாங்கம் ஒரே இடத்துல குடியேத்துச்சு, பிள்ளைங்களை விடுதிப் பள்ளிக்கு அனுப்புச்சு. 1953லயும் 1955லயும் கியூபெக்ல இருக்கற இனுக்ஜுவாக்ல இருந்து குடும்பங்களை ரெசல்யூட், கிரைஸ் ஃபியோர்டுன்னு ரொம்ப வடக்கே கொண்டுபோய் விட்டாங்க. மன்னிப்பு கேட்டது 2010ல! எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

இவ்வளவுக்கு நடுவுலயும் அந்த ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் விடறதில்ல. ஊர்ப் பொது ஹால்ல தரையில அட்டையை விரிச்சு உறைஞ்ச சார் மீன், சீல் (கடல்நாய்) கறி, கரிபூ மான் கறி எல்லாம் போட்டு வச்சிருக்காங்க, பாட்டிங்க உலு கத்தியால வெட்டிக் குடுக்கறாங்க, யார் வேணா உக்காந்து சாப்பிடலாம், எவ்வளவு வேணா எடுத்துட்டுப் போகலாம். ஒரு பையன் முதல் தடவை சீல் பிடிச்சா அதை முழுசா ஊருக்குக் குடுத்துடணும், அதுலயும் பெரியவங்களுக்குத்தான் முதல்ல. தானம்னு யாரும் நினைக்கறதில்ல, இன்னிக்கு நான் குடுக்கறேன், நாளைக்கு உன் பையன் குடுப்பான், அவ்வளவுதான். 2021 அக்டோபர்ல குழாய்த் தண்ணியில எரிபொருள் கலந்து ரெண்டு மாசம் குடிக்கவே முடியாமப் போச்சே, அப்பவும் ஜனங்க சில்வியா கிரினெல் ஆத்துல தண்ணி பிடிச்சு முடியாதவங்க வீட்டுக்குக் கொண்டு போனாங்களாம். 2016ல திறந்த மசூதி கூட ஒரு ஃபுட் பேங்க் நடத்துது, மதம் பாக்காம யாருக்கும் குடுக்கறாங்க.

ஆனா பகிர்ந்து சாப்பிடற மனசால வீடு கட்ட முடியாது. நிரந்தரமா உறைஞ்ச மண்ணு, கம்பம் நட்டு அது மேல கட்டணும், பலகையில இருந்து ஆணி வரைக்கும் கப்பல்ல வரணும், அதுக்கு ஒட்டாவாவுல இருக்கற மத்திய அரசாங்கம்தான் பெருசா பணம் போடணும். அந்தப் பாட்டியோட பேத்தி ரெண்டு குழந்தைங்களோட வருஷக்கணக்கா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கா. கோடையில கப்பல் வந்து புது வீட்டு வேலை ஆரம்பிச்சா தன் பேரு வருமான்னு அவ இன்னும் ஆபீசுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்கா.