உப்பு அசையவே இல்லை

"இதுக்கு ஃபார்முலா என்ன மாமா?" என்றாள் அக்கா மகள். பயிற்சித் தாளில் கரைதிறன் அட்டவணை: 100 கிராம் நீரில் எத்தனை கிராம் கரையும் என்ற கணக்கு.

ஃபார்முலாவை விடு, முதலில் தலைப்பையும் அலகையும் படி, அப்புறம் வரிசையில் விரலை ஓட்டு என்றேன்.

பொட்டாசியம் நைட்ரேட் 20 டிகிரியில் 32, 80 டிகிரியில் 167. சமையல் உப்பு 36, பிறகு 37.

"உப்பு அசையவே இல்லையே மாமா!"

சரி, 80 டிகிரியில் இதற்கு மேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த நிறைவுற்ற கரைசலை 20க்கு ஆறவிட்டால் எது அதிகம் படிகமாகும்?

"நைட்ரேட். 135 கிராம்!"

நிறைவுற்ற கரைசலின் வரையறையை அவள் எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டாள். அதை எண்களில் பார்த்தது இன்றுதான்.

இப்படி ஒரே அட்டவணையோடு அரைமணி நேரம் உட்காரத் தேர்வுப் பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகளை விடுவதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.